பிஎச் சரியாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய ஆறுகளின் நீர்த்தரம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஜார்க்கண்ட், மேற்கு வங்க மாநிலங்களில் உள்ள தாமோதர் ஆற்றுப் படுகையில் சுரங்க நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) நடுநிலையான 7-ஐ ஒட்டியே இருப்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் அது முடிந்திருந்தது. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு அந்த முடிவு உறுத்தலாகவே இருக்கிறது.

நிலக்கரியோடு சேர்ந்து கிடக்கும் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு, தோண்டும்போது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தைத் தருகிறது. வடகிழக்கு மாநிலங்களின் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. ஆகவே மேகாலயாவின் ஜைந்தியா மலை ஓடைகள் அமிலமாகி மீன் வாழத் தகாதவையாயின. அந்த நீர் இறங்கும் அஸ்ஸாமின் கோபிலி ஆற்றில் நீர்மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களே அரித்துப் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்கங்களுக்கு (ஆள் தவழ்ந்து செல்லும் குறுகிய சுரங்கங்கள்) தடை விதித்ததும் கோபிலி மாசுபட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான். அங்கே பிஎச் தாளை நனைத்தாலே உண்மை தெரிந்துவிடும்.

தாமோதர் கதை வேறு. அங்குள்ள நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உண்டாகும் சிறிதளவு அமிலத்தையும் பாறையிலுள்ள கார்பனேட் கனிமங்கள் முறித்துவிடுகின்றன. சுண்ணாம்புக் கல்லின் மீது அமிலம் விட்டால் நுரைத்து அடங்குமே, அதே வினைதான். அமிலம் அடங்கினாலும் சல்பேட்டும் கால்சியமும் மெக்னீசியமும் நீரிலேயே தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், கரைந்த உப்புகள் மொத்தத்துக்கு 500 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் இவை முறையே 400, 2000 வரை போகலாம். இந்த எண்கள் இல்லாமல் பிஎச் மட்டும் சொல்வது, காய்ச்சல் இல்லை என்பதால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இதைச் சேலத்துக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மேக்னசைட் சந்திப்பைத் தாண்டும் ரயிலில் இருந்து பார்த்தால் தெரியும் வெள்ளை மேடுகள் நூறாண்டுக்கும் மேலாகத் தோண்டப்பட்டவை. அந்தக் கல்லே மெக்னீசியம் கார்பனேட்; அதைத் தோண்டுவதால் அமிலம் சுரக்காது, எனவே நீரில் சேர்வதைப் பிஎச் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. பார்க்க வேண்டியது நீரின் கடினத்தன்மையும், லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவைத் தாண்டும் மெக்னீசியமும்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பாறையே மெக்னீசியம் நிறைந்தது. எங்கள் வீட்டுக் குடத்தின் அடியில் படியும் வெண்மையில் பாறையின் பங்கு எவ்வளவு, தோண்டியதன் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கு ஒரு பாட்டில் நீரை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. சுரங்கம் திறக்கும் முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதித்துப் பதிவு செய்துவைத்தால் மட்டுமே அது கூடும். நிலக்கரிக்கும் இதே நியாயந்தான்.

மாதிரி எடுக்கும் காலமும் இடமும் இன்னொரு சிக்கல். சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் வரும் திருமணிமுத்தாற்றில் ஐப்பசியில் மொண்ட நீரும் பங்குனியில் மொண்ட நீரும் ஒன்றாகுமா? சுரங்கத்துக்கு மேல்புறம் ஓர் இடம், கீழ்ப்புறம் சில இடங்கள், மழைக்கு முன்னும் பின்னும் என்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கிணறுகளில் இது இன்னும் கடினம். எங்கள் ஊர்க் கரும்பாறையில் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்று நல்ல தண்ணீராகவும் மற்றது உப்பாகவும் இருப்பது இங்கே புதிதல்ல.

தரத்தோடு நீர்மட்டத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் வெடிக்காமல் நிற்கும்; அப்படி இறைக்கும்போது சுற்றிலும் நீர்மட்டம் இறங்கும் என்பதற்கு இது நம் மாநிலத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மாதிரி எடுத்த மாதம், ஆற்றில் எடுத்த இடம், கிணறானால் அதன் ஆழம் ஆகிய மூன்றையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கருப்பூர், சேலம்