அக்காவுக்கு, எட்டு எழுத்து பற்றி

அக்கா,

நேற்று இரவு எனக்குக் கிடைத்த மருத்துவக் கல்லூரி இடங்களில் மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 30-க்குள் கையில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் வழக்கம். எதை வைத்துக்கொண்டேன் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. உன் நோயின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. நான் எழுதுகிற எதையும் நீ படிக்காமல் விட்டதில்லை என்கிற ஒரே தைரியத்தில் இதை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்காக உன்னைப் பற்றி நான் எழுதிய அந்தக் கட்டுரையை எத்தனையோ பேர் படித்துவிட்டார்கள். மன்னிப்பை மட்டும் உன் காதோடு சொல்லி முடித்துக்கொண்டால் அது எனக்குத்தான் வசதி.

"நல்லா எழுதியிருக்கே." மார்ச் மாதம் நீ அனுப்பிய கடைசிச் செய்தி. மாமா பெண் மேல் கோபப்படாதே. அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறவள், மாதிரிக்கு ஒன்று கேட்டாள், கொடுத்தேன். பெருமையாக உனக்கும் அனுப்பிவிட்டாள். எந்த வரியில் நீ நின்றுபோயிருப்பாய் என்று உன் செய்தியைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் நோயைப் பற்றி எழுதியதால்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். காரணம் அதில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

உனக்குத் தெரியாததை மட்டும் சொல்கிறேன். எம்.டி. மட்டும், அதாவது அங்கே டாக்டராவதற்கான பட்டம் மட்டும், படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், 5,300 எழுத்துக்குள். எம்.டி.யும் ஆராய்ச்சிப் பட்டமான பிஎச்.டி.யும் சேர்த்துக் கேட்கிறவர்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு. செய்த ஆராய்ச்சியை விவரிக்க 10,000 எழுத்து. இரண்டு பட்டமும் உனக்கு எதற்கு என்பதற்கு 3,000 எழுத்து. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் கணக்கில் சேரும்.

10,000 எழுத்துக் கட்டுரை எனக்குச் சிரமமாக இல்லை. இரண்டு வருடம் தசை செல்களை வளர்த்து, அவை ஆக்சிஜனை எவ்வளவு வேகமாக எடுத்துக்கொள்கின்றன என்று அளந்துகொண்டிருந்தேன் இல்லையா, அதை நடந்தபடி எழுதினேன். மைக்கோபிளாஸ்மா என்கிற பாக்டீரியா தொற்றி மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது உட்பட. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. இதை நீ நம்ப வேண்டும்.

3,000 எழுத்துதான் என்னைத் தின்றது. ஏன் டாக்டராக மட்டும் இருக்கக் கூடாது, ஏன் ஆய்வகத்தோடு நிற்கக் கூடாது, இரண்டையும் ஒருவரே ஏன் செய்ய வேண்டும்? எழுதி எழுதி அழித்தேன். என் ஆய்வக வழிகாட்டி நான்காவது பிரதியைப் படித்துவிட்டு, "இதெல்லாம் சரி, யார் வேண்டுமானாலும் எழுதலாம். உனக்கு இது எங்கே தொடங்கியது?" என்று கேட்டார். எனக்கு அப்படிச் சொல்ல ஒரே ஒரு மத்தியானம்தான் இருந்தது. அதுவும் உன்னுடையது.

மருந்து ஏற்றும் அறை, ஜன்னல் ஓரத்து நாற்காலி. நர்ஸ் குழாயில் சலைனைத் தள்ளியதும் நீ வழக்கம்போல முகத்தைச் சுளித்தாய். கையில் ஏற்றுகிற உப்புத்தண்ணீர் நாக்கில் எப்படி ருசிக்கிறது என்று நாம் பேசிக்கொண்டதுண்டு. எலுமிச்சை மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தை என் சட்டைப் பைக்குள் செருகினாய். பம்ப் இரண்டு தடவை கத்தியது, குழாயில் காற்றுக்குமிழி. நர்ஸ் வந்து விரலால் சுண்டிவிட்டுப் போனார். நான் போனில் எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான மனப்பாட அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சிட்ரிக் அமிலச் சுழற்சி, எந்த நொதிக்கு அப்புறம் எந்த நொதி. அந்தத் தேர்வில் 230 கேள்வி, ஆறே கால் மணி நேரம். என் தலைக்குள் வேறெதற்கும் இடமில்லை.

டாக்டர் உள்ளே வந்து, ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாம் மிகவும் நன்றாக இருக்கின்றன என்றார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். நீ மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாய்: "எண்கள் நன்றாக இருந்தால், என்னால் ஏன் இன்னும் மாடிப்படி ஏற முடியவில்லை?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அளப்பதும் நீங்கள் உணர்வதும் ஏன் பொருந்தவில்லை என்று யாரும் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை" என்றார். அப்போதுதான் நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன். திரையில் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்கிற நொதி நின்றுகொண்டிருந்தது. செல் எப்படித் தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரித்துக்கொள்கிறது என்று நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாடிப்படி ஏறச் சக்தி இல்லை என்று நீ பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாய்.

நடந்தது இவ்வளவுதான். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முதல் பிரதியில் 'என் அக்கா கேட்டாள்' என்றுதான் இருந்தது. சத்தியமாக. அனுப்ப வேண்டிய இரவு, மணி இரண்டு இருக்கும். வெட்டக்கூடியதை எல்லாம் வெட்டியபிறகும் கணக்கு 3,006 காட்டியது. ஆறு எழுத்து அதிகம். ஆங்கிலத்தில் 'என் அக்கா கேட்டாள்' என்பதற்கு இடைவெளியோடு 15 எழுத்து, 'நான் கேட்டேன்' என்பதற்கு 7. மாற்றினேன். 2,998. நீ கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடவில்லை. முந்தைய வரியில் அதே நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறாய். உன் வாயை மட்டும் எடுத்துவிட்டேன்.

இடப் பற்றாக்குறை என்றுதான் இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் செய்தி வந்த அன்று கட்டுரையை மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டு வரி தள்ளி 'ட்ரூலி' என்று ஒரு சொல். 'உண்மையாகவே'. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, ஒரு இடைவெளி, சரியாக ஆறு. அதை எடுத்திருந்தாலே கணக்கு சரியாகியிருக்கும். அது என் கண்ணில் படவே இல்லை.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அக்டோபரில் நேர்முகம். இந்தப் படிப்புக்கு ஒரே நாளில் பேராசிரியர்கள் பலர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். "டாக்டரிடம் நீங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே, முழு ஆய்வேட்டுக்கு அதுவே போதும்" என்றார். நன்றி சொன்னேன். அப்புறம் இருபது நிமிடம் அந்தக் கேள்வியைப் பற்றியே பேசினோம், எண்ணுக்கும் உடம்புக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கலாம், அதை எப்படிப் பரிசோதிக்கலாம் என்று. அந்த நாளில் நான் நன்றாகப் பேசியது அங்கேதான். அந்தச் சந்தோஷத்தையும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

இதைச் சொல்லியே ஆக வேண்டும், நீ கேட்டு முடித்துவிட்டு மறந்துபோனாய். அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அவருக்கே தெரியலைன்னுட்டாரே, விடு" என்றாய். நான் விடவில்லை. ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டது அதனால்தான். இரண்டு வருடம் அந்தக் கேள்வியோடு இருந்தது நான். அதனால் அது கொஞ்சம் என்னுடையதும்தானே? இப்படி எழுதும்போதே தெரிகிறது, பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூவெல்லாம் எனக்குத்தான் என்கிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் ஊற்றியது நிஜம்.

போன கோடையில் கோல்ட்ஸ்டைன், பிரவுன் கதையை உனக்குச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? 1968-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் ஜோசப் கோல்ட்ஸ்டைன் உடன்பிறந்த இரண்டு குழந்தைகளைப் பார்க்கிறார். பிறவியிலேயே இருவருக்கும் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பல மடங்கு. ஏன் என்று தேடப் போய், செல்லின் மேற்பரப்பில், கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பியை அவரும் மைக்கேல் பிரவுனும் கண்டுபிடிக்கிறார்கள். 1985-ல் நோபல். படுக்கையருகே பிறந்த கேள்வி ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பியதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று நான் ஆவேசமாகச் சொன்னேன். அவர்கள் இருவரும் எம்.டி. மட்டும் படித்தவர்கள் என்று நானே சொல்லி மாட்டிக்கொண்டேன். "அப்போ உனக்கு எதுக்கு ரெண்டு?" என்றாய். அதற்காவது பதில் வைத்திருந்தேன். அடுத்துக் கேட்டாயே, "அந்தக் குழந்தைங்க என்ன ஆனாங்க?" என்று, அதற்கு எனக்கு வாய் வரவில்லை. நான் படித்ததெல்லாம் ஏற்பியைப் பற்றி. அந்தக் கேள்வியையாவது நான் எந்தக் கட்டுரையிலும் போடவில்லை.

சரி, என் பக்கத்தையும் கேள். எம்கேட் மதிப்பெண் வந்த காலையில் உன்னை வார்டில் சேர்த்திருந்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள், உடனே உன் அறைப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யாரையும் குறை சொல்லவில்லை, அந்த வீட்டில் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது. ஆனால் என்னுடைய எந்த நல்ல செய்தியும் உன் பரிசோதனை முடிவுக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது. எனக்குத் தலைவலி என்றுகூட நான் வீட்டில் சொன்னதில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவளுக்குப் புகார் சொல்லும் உரிமை கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன். நீ ஒரு தடவையாவது, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாயா?

முதல் இடம் கிடைத்த அன்று நீ சொன்னது இன்னும் குத்துகிறது. "எட்டு வருஷமா? எட்டு வருஷம் கழிச்சு நீ வந்து எனக்கு என்ன செய்யப்போறே?" இரண்டு வருடம் மருத்துவப் பாடம், நான்கு வருடமோ கூடவோ ஆய்வகம், அப்புறம் வார்டுக்குத் திரும்பி இன்னும் இரண்டு வருடம். அதற்குப் பின்னால் ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சி. சொந்தமாக ஒரு ஆய்வகம் அமைவதற்குள் இந்தப் பாதையில் போகிறவர்களில் பலருக்கு நாற்பது தாண்டிவிடுகிறது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்டாய். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வேறு மாதிரி கேட்டார்கள், கட்டணம் இல்லாமல் மாத உதவித்தொகையோடு படிக்கலாம் என்பதற்காகத்தானே என்று. 1964-ல் மூன்று கல்லூரிகளில் அரசு இந்த இரட்டைப் பட்டத் திட்டத்தைத் தொடங்கியதே, மருத்துவமும் ஆராய்ச்சியும் தெரிந்தவர்களை உருவாக்கத்தான். அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். உனக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்: நான் முடிப்பதற்குள் உனக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதை நினைத்துத்தான் ஒரு வாரம் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ளாமல் வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியாது.

அந்த ஒரு வாரத்தில் செய்த இன்னொரு காரியம். கோடு போட்ட பேராசிரியருக்கு எழுதினேன். அந்தக் கேள்வியைக் கேட்டது நானில்லை, என் அக்கா, கட்டுரையில் தவறாக எழுதிவிட்டேன் என்று. படிவத்தில் எழுதியது எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. நான் எழுதியதை விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்திருப்பதாகவும், இடம் அப்படியே இருப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "உங்கள் அக்கா இப்போது மாடிப்படி ஏறுகிறாரா?"

என்ன பதில் எழுதுவது? நீதான் போனையே எடுப்பதில்லையே. ஒரு மாதமாக நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்பாள். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.

பதினான்காம் தேதி உனக்கு மருந்து ஏற்றுகிற நாள். நான்தான் கார் எடுத்து வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எலுமிச்சை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். போனைக் காரிலேயே விட்டுவிடுவேன். டாக்டர் வந்தால் அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. நான் உள்ளே வர வேண்டாம் என்றால் சொல், கீழே காரில் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மணி நேரம் ஆனாலும் இருக்கிறேன்.

உன் தங்கை