முட்டை வைக்காத தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிள்ளை உடம்பில் கிளம்பியிருக்கிற தடிப்பை எடுத்து நீ அனுப்பிய நாலு போட்டோவையும் நேற்று ராத்திரி பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். என் கண்ணாடி போதவில்லை என்று உங்கப்பா கண்ணாடியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். போனில் நீ அழுதுகொண்டே பேசினாய், நானும் நடுவில் நடுவில் புகுந்து குழப்பிவிட்டேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இவ்வளவு நீளத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும்.

பாலை நிறுத்தியாச்சு, முட்டையை நிறுத்தியாச்சு, கோதுமை, வேர்க்கடலை எல்லாம் நிறுத்தியாச்சு, அடுத்து பருப்பையும் நிறுத்திப் பார்க்கப் போகிறேன் என்றாயே, அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வயசுப் பிள்ளை, பருப்பும் இல்லையென்றால் என்னத்தைத்தான் தின்பான்? உன்னைத் திட்டவில்லை. இதே காரியத்தை நான் உனக்குச் செய்திருக்கிறேன், உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை, எனக்கு நன்றாக இருக்கிறது.

1999 கார்த்திகை மாசம். நீ இரண்டாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றாய், சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துக் கிடந்தது, நடுவில் நடுவில் கடுகு மாதிரிப் பொரி. உங்கப்பத்தா பார்த்தவுடனே அம்மை என்று வேப்பிலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, நாலு நாளில் அமுங்கியது, அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. பக்கத்துத் தெரு அத்தை அக்கி என்றார். வேளாரிடம் கூட்டிப்போய் காவி குழைத்து முதுகில் எழுதிக்கொண்டு வந்தோம், குளிக்க வேண்டாம் என்று சொன்னதில் உனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஒரு டாக்டர், சிரங்கு என்றார். வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து தடவ வேண்டும், துணியையெல்லாம் வெந்நீரில் அலச வேண்டும் என்றார். ஒருத்தருக்குச் சிரங்கு வந்தால் வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கும், அதுவும் ராத்திரியில்தான் அதிகமாக அரிக்கும். எங்கள் யாருக்கும் ஒன்றுமில்லை, உனக்கும் பகலில்தான் ஊறல், ஆனால் அதை அவர் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தோன்றவில்லை. அடுப்பில் அண்டாவை ஏற்றி உன் துணி அத்தனையையும் அவித்துப் பிழிந்து, வழக்கமாகக் காயப்போடும் கொடியிலேயே கொண்டுபோய்க் காயப்போட்டேன். அந்தக் கொடியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

எதுவும் கேட்கவில்லை என்றதும் பத்தியம் ஆரம்பித்தது. கத்திரிக்காய், கருவாடு, அப்புறம் மீன், அப்புறம் முட்டை. நான் சத்துணவு அமைப்பாளர், நீ அதே பள்ளிக்கூடம். அப்போதெல்லாம் இப்போது மாதிரி தினம் முட்டை கிடையாது, வாரத்துக்கு ஒன்றுதான். அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து நாள் எண்ணும். நீயும் தட்டோடு வரிசையில் வருவாய். ஆயாம்மா எல்லாத் தட்டிலும் ஒரு முட்டையாக வைத்துக்கொண்டே வந்து, உன் தட்டைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், உன் தட்டைத் தாண்டிப் போய்விடுவார். நீ ஒன்றும் கேட்க மாட்டாய். தட்டைக் கொஞ்சம் சாய்த்து, சோற்றை முட்டை இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்வாய். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் பத்தியம் பலித்துவிட்டது! தைப் பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் தடிப்பு அடியோடு போய்விட்டது. பார்த்தீர்களா, முட்டைதான், கருவாடுதான் என்று வீடே மார்தட்டிக்கொண்டது. அதனால் அடுத்த பத்து மாசமும் உனக்கு ஒன்றும் தரவில்லை. கன்னம் ஒட்டிப்போய், பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தித்தான் அனுப்பினேன். சரி, உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கார்த்திகையில், ஒரு வாய் முட்டைகூடத் தொடாத உடம்பில், அதே முதுகில், அதே தடிப்பு. அன்றைக்குத்தான் எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பத்தியத்தால் போகவில்லை, அதுவாக வந்தது அதுவாகப் போயிருக்கிறது.

இந்த முறை தோல் டாக்டர் ஒருத்தரிடம் போனோம். வயசான மனுஷர், மருந்துச் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். "எங்கே வருதுன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, எங்கே வரலைன்னு சொல்லுங்க." முகத்தில் இல்லை, கையில் இல்லை, முழங்காலுக்குக் கீழே இல்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வருகிற தடிப்பு பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அது உடுப்புக்குள்ளே மட்டும் ஒளிந்துகொண்டு வராது என்றார். தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதுவதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்? அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ, முட்டை எத்தனை என்று தினமும் பதிவேடு எழுதுகிற கை. பழைய இருப்புப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். தேதி, என்ன சாப்பிட்டாய், என்ன உடுத்தினாய், என்றைக்குத் துவைத்தது, எங்கே படுத்தாய், தடிப்பு எங்கே, எத்தனை மணிக்கு. அரையாண்டு லீவில் உன்னை அம்மாச்சி வீட்டில் விட்டேன், எட்டு நாளும் உடம்பு கண்ணாடியாக இருந்தது. அங்கே பத்தியமாகத்தான் வைத்திருந்தாயா என்று அம்மாவைக் கேட்டால் தரையைப் பார்க்கிறார். தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுத்திருக்கிறார்! ஒரு நாள் அயிரை மீன் குழம்பு வேறு. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதுகூடச் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் துவைத்த சட்டையைப் போட்டாய், மத்தியானமே சொறிய ஆரம்பித்தாய். பதிவேட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை துவைப்பேன், திங்களும் செவ்வாயும்தான் உனக்கு அதிகம். சாயங்காலம் உன் சிம்மீஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி வெயில் சாய்கிற பக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். நூல் பிசிர் மாதிரி, ஆனால் நூல் இல்லை, பொன்னிறத்தில் மெல்லிசாக முடி முடியாகத் துணியில் குத்தி நின்றது. விரலால் எடுக்கப் போனேன், விரல் நுனி சுருக்கென்றது. நிமிர்ந்து பார்க்கிறேன், கொடியின் ஒரு முனை குளியலறைச் சுவரில், இன்னொரு முனை முருங்கை மரத்தில். அடிமரத்தில் நனைந்த சாக்கை ஒட்டிவைத்த மாதிரி ஒரு திட்டு. கிட்டப் போனால் அந்தச் சாக்கு நெளிகிறது.

கம்பளிப்பூச்சி. மழைக்காலம் வந்தால் முருங்கையில் அடையும், ராத்திரி மேலே ஏறி இலையைத் தின்னும், பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், பனி முடிகிற சமயத்தில் காணாமல் போய்விடும். எங்கள் சேலை வேட்டியெல்லாம் நீளமென்று மொட்டைமாடியில் காயப்போடுவோம், உன் குட்டித் துணி மட்டும்தான் அந்தக் குட்டைக் கொடியில். அதனால்தான் வீட்டில் உனக்கு மட்டும். முடி துணியில் ஏறிவிட்டால் அலசினாலும் லேசில் போகாது. டாக்டரிடம் சொன்னபோது செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், தோலிலும் அப்படித்தான், தேய்த்துவிடாதீர்கள் என்றார். உங்கப்பா வீரமாக மண்ணெண்ணெய்ப் பந்தம் கட்டிக் கொளுத்தினார், முடி பறந்து அவரே இரண்டு நாள் கழுத்தைச் சொறிந்துகொண்டு திரிந்தார். மரத்தை வெட்ட அப்பத்தா விடவில்லை, கொடியை இடம் மாற்றினோம், அதோடு சரி.

அடுத்த முட்டை நாளில் உன் தட்டில் இரண்டு வைத்தேன். ஒன்று என் காசில் வாங்கியது, கணக்கில் குறை வைக்கவில்லை.

இப்போது உன் பிள்ளைக்கு வருவோம். ரத்தப் பரிசோதனையில் பால், முட்டைக்கெல்லாம் பாசிட்டிவ் என்று வந்தது என்றாய். பாசிட்டிவ் என்றாலே அது ஆகாது என்று அர்த்தமில்லை, இத்தனை நாள் குடித்து ஒன்றும் ஆகாத பாலை அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து நிறுத்தியே வைத்திருக்காதே, எதையும் குழந்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வை. ஒரு நாளுக்குள் அந்த இடம் மறைந்து வேறு இடத்தில் கிளம்பினால் அது ஒரு ஜாதி, அங்கேயே சொரசொரவென்று உட்கார்ந்துகொண்டால் வேறு ஜாதி. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, காய்ச்சலோடு வந்த சிவப்புப் புள்ளி கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாவிட்டாலோ கோடும் வேண்டாம் பேனாவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஆனால் போட்டோவில் நான் பார்த்தது இதெல்லாம் இல்லை. முழங்கையிலும் முழங்காலிலும் இருக்கிற பொரியைத்தான் நீ காட்டினாய், மூன்றாவது போட்டோவில் தற்செயலாக இடுப்பும் விழுந்திருக்கிறது. வலது பக்கம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்துத் தடித்து, செதில் செதிலாக. அதற்கு நேர் மேலே, நான் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட அரணாக்கொடியின் கொக்கி.

கொடி வெள்ளிதான், பார்த்துத்தான் வாங்கினேன். கொக்கி வெள்ளியா என்று நான் கேட்கவில்லை. வேறு உலோகமென்றால் அதில் நிக்கல் கலந்திருக்கலாம், வேர்வை பட்டால் அது கசிந்து தோலில் இறங்கும், சிலருக்கு மட்டும் ஆகாது. அப்படி ஓர் இடத்தில் ஒவ்வாமை உட்கார்ந்துவிட்டால் உலோகமே படாத முழங்கையிலும் முழங்காலிலும்கூடப் பொரி கிளம்பும். ஐதராபாத்தில் வெயில் ஏறின பிறகுதான் அதிகமாச்சு என்று நீயே சொன்னாய். நான் டாக்டர் இல்லை, தப்பாகவும் இருக்கலாம். கழற்றிவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார், ஜீன்ஸ் பட்டனும் வயிற்றில் படாமல் பனியனை உள்ளே விட்டுப் போடு. அப்படியும் அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேள். எது ஆகவில்லை என்று சந்தேகமோ அதைக் கொஞ்சமாக முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள், ஊசி கிடையாது.

அம்மா போட்டதாயிற்றே, கழற்றினால் மனசு வருத்தப்படும் என்றுதானே வைத்திருக்கிறாய்? எனக்குத் தெரியும் உன்னை. இன்றைக்கே கழற்று. கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ளலாம், கட்டாமலும் இருக்கலாம். கழற்றினதைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மறந்துவிடாதே, வெள்ளி விற்கிற விலைக்கு, பத்திரமாக பீரோவில் வை, நான் வரும்போது கொக்கியை மாற்றித் தருகிறேன்.

ராத்திரி அவனுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா