துபாயிலிருந்து உடலை ஊர் சேர்த்த அண்ணனுக்கு

பெயர் போடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், அதனால் வெறும் "அண்ணன்". துபாயில் இறந்துபோன மாமாவின் உடலைத் திருச்சி விமான நிலையம் வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். கற்றுக்கொடுத்ததும் அதிகம்.

முதலில் எழுத்து. பாஸ்போர்ட்டையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை நகர்த்தி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். பெயர் அரபிக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ஓர் எழுத்து கூடும், குறையும்; இதனாலேயே கார்கோவில், அதாவது விமானச் சரக்குப் பிரிவில், உடல் நின்றுபோகலாம். பிறகுதான் போலீஸ் அனுமதி, விசா ரத்து, இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, தடையின்மைச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), பெட்டிக்குச் சீல்.

செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. அவரிடம் கேட்காமல் கடன் வாங்காதீர்கள். முதலாளி கைவிட்டால் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டு பாலிசியைத் தேடிப் பாருங்கள்; விபத்து மரணத்துக்கு 10 லட்சம்.

இந்தியப் பக்கம் 2023 முதல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'இ-கேர்' இணையதளத்தில், உடலைக் கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். எம்பாமிங் சான்று மங்கலாக ஸ்கேன் ஆகியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் மூன்று தடவை ஸ்கேன் எடுத்தார்.

உடல் பயணிகள் வாசலில் வராது, கார்கோ முனையத்தில்தான். வாங்கப் போகிறவர் ஆதார் அசலோடு, ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணோடு போகணும். குழி வெட்டும் முன் பெட்டியின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், சாதாரணப் பெட்டியைவிடப் பெரிது. இதையும் அவர்தான் ராத்திரி போன் போட்டுச் சொன்னார்.

நன்றிண்ணே.