தமிழ் எழுத்து உடையும் ஸ்மார்ட் போர்டு: ஐந்தாவது புகார் கடிதம்

அனுப்புநர்:
தமிழ் ஆசிரியை, அப்பர் பிரைமரி (யு.பி.) பிரிவு (பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. சார்பாக),
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் டிக்கெட் எண் கொடுத்தீர்கள். நான்கையும் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். அனுப்பி மூடிவிட்டீர்கள். ஒருவர்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்க்கவில்லை. அதனால் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மே மாதக் கடைசியில் உங்கள் கோவை டீலரிடம் 65 அங்குல ஸ்மார்ட் போர்டு பேனல் வாங்கினோம். 1,38,000 ரூபாய். தென்னந்தோப்பிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெற்றோர் நூறும் இருநூறுமாகக் கொடுத்ததுதான் அதில் பாதிக்கு மேல். ஜூன் பள்ளி திறப்பன்று மாட்டினார்கள். இரண்டாவது வாரமே தொல்லை ஆரம்பித்தது.

உங்கள் வெள்ளைப் பலகை ஆப்பில் தமிழ் தட்டினால் கொம்பு இடம் மாறி விழுகிறது. ‘கொக்கு’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு க-வுக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கணினியில் எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில் எழுத்து முதலிலும் கொம்பு அதன் பிறகும் பதிவாகிறது; திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. உங்கள் ஆப் அதைச் செய்வதில்லை. அதே பேனலில் பிரவுசரைத் திறந்தால் தமிழ் ஒழுங்காக வருகிறது, ஆகவே குறை எங்கே என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் ஒரு குழந்தை, திரையில் கண்டது சரி என்று நம்பி, கொம்பைப் பின்னால் போட்டே ஒரு பக்கம் முழுக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைத் திருத்தும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இடது ஓரத்தில் தொடு உணர்வும் சரியில்லை. தொட்ட இடத்திலிருந்து நான்கு விரல் தள்ளிக் கோடு விழுகிறது. இதற்கு உங்கள் ஆள் போனில் சொன்ன காரணம், சாக்பீஸ் தூசி. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகளைத் தூசி மறைக்கும் என்பது எனக்கும் தெரியும். தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைக்கிறேன். இது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊர், ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி வரும். வகுப்பறைக்கென்று விற்கும் பொருள் வகுப்பறைத் தூசியைத் தாங்க வேண்டும்.

இனி அந்த போன் விஷயம். செப்டம்பரில், ஓணப் பரீட்சை முடிந்த வாரம். உங்கள் கால் சென்டருக்குப் போன் செய்து தமிழுக்கான எண்ணை அழுத்தினேன், எங்கள் பின்கோடு 678-இல் தொடங்குவதால் மலையாளப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து மாற்றி மாற்றி நாற்பது நிமிடம் கழித்துத் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார். கொம்பு உடைவதைப் பொறுமையாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “ஏங்க மேடம், கேரளாவுல உக்காந்துக்கிட்டு தமிழ் வரலைன்னா நாங்க என்ன பண்றது? மலையாளத்துலயே நடத்திட்டுப் போங்க.” பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

அவர் பெயரைச் சொல்லவில்லை. ரெக்கார்டிங் உங்களிடம் இருக்கும், கேளுங்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிகள் இருக்கின்றன என்பது உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரிந்திருந்ததே! “கேரள தமிழ் மீடியம் பாடமெல்லாம் உள்ளேயே இருக்குங்க டீச்சர்” என்று சொல்லித்தானே விற்றார்? திறந்து பார்த்தால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். நாங்கள் நடத்துவது கேரள அரசின் எஸ்.சி.இ.ஆர்.டி. பாடநூல். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது, 1956-இலேயே சேர்த்தது. இந்தக் குழந்தைகளிடம் மலையாளத்தில் படி என்று சொல்ல ஒரு கால் சென்டர் ஊழியருக்கு என்ன உரிமை இருக்கிறது?

மன்னிக்கவும். எழுதும்போதே கை நடுங்குகிறது.

கோவைப் பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கு முன்பே கொச்சிக் கிளை, ‘பில் கோவையில் போட்டது, அங்கே கேளுங்கள்’ என்றது. கோவை, ‘இன்ஜினியரை அனுப்ப முடியாது, பேனலைக் கொண்டுவாருங்கள்’ என்றது. நவம்பர் முதல் சனிக்கிழமை, நான்கு பேர் சேர்ந்து கழற்றி, மெத்தை சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, வேலந்தாவளம் வழியாகக் கொண்டு போனோம். பர்மிட்டும் வாடகையும் சேர்த்து 3,200 ரூபாய். இரண்டு அப்பாமார்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். சர்வீஸ் சென்டர் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது, தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே இருந்தவர் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. “இந்தப் பின்கோடு எங்க லிஸ்ட்ல இல்லைங்க” என்றார். காலையில் போனில் வரச் சொன்னதே அதே அலுவலகம்தான்! உட்காரச் சொல்லவில்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பி.டி.ஏ. தலைவருக்கு அன்று பிடித்த இடுப்புவலி இன்னும் போகவில்லை.

உங்கள் பில்லையே எடுத்துப் பாருங்கள். ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறீர்கள். வேறு மாநிலத்துக்கு விற்கும் பொருளுக்குப் போடும் வரி அது. பணம் வாங்கும்போது தெரிந்த கேரளம், பழுது பார்க்கும்போது எப்படித் தெரியாமல் போனது?

பள்ளிகளுக்குக் கணினி வசதி செய்துதரும் கேரள அரசின் கைட் நிறுவனம் எங்கள் கணினி அறைக்குக் கொடுத்த லேப்டாப்பில் இருப்பது உபுண்டு இயங்குதளத்தை வைத்துச் செய்த இலவச மென்பொருள். அதில் ஒரு கொம்பும் உடைவதில்லை. கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1-இல் கைட்டின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்புகள் தொடங்கி, பிறகு தமிழ் மீடியத்துக்கும் பாடங்கள் வந்தபோது, ஒரே போனைச் சுற்றி நான்கு வீட்டுக் குழந்தைகள் உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் பழைய போன்களில்கூடத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் பெரிய திரை வேண்டும் என்று நானே பெற்றோர் கூட்டத்தில் பேசிக் காசு சேர்த்தேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருடப் படிப்பே பாழாகிவிட்டது. இந்தக் குழந்தைகளின் தமிழுக்கு நேர்ந்ததை எத்தனை லட்சம் கொடுத்தாலும் உங்களால் ஈடு கட்ட முடியாது.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கேட்பது இவ்வளவுதான்: ஆப்பைச் சரிசெய்யுங்கள், தொடுதிரைச் சட்டத்தை மாற்றுங்கள், வாக்களித்த கேரளப் பாடங்களைக் கொடுங்கள், கோவைக்கு வீணாகப் போன 3,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முடியாதென்றால் பேனலை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குப் பணத்தைவிட அது முக்கியம்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்குப் பிறகு பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இந்த முறை அலைய வேண்டியவர்கள் நீங்கள்தான். அந்த நிலைக்குப் போகாமல் முடித்துக்கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளியில் இருப்பேன். இன்ஜினியரை அனுப்பும்போது தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக அனுப்புங்கள். ‘கொக்கு’ என்று தட்டிக் காட்டுவேன், அது சரியாக வந்த பிறகே சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
தமிழ் ஆசிரியை

இணைப்பு: பில் நகல், நான்கு டிக்கெட் எண்கள், வண்டி வாடகை ரசீது, குழந்தையின் நோட்டுப் பக்கத்தின் போட்டோ.