தைலம் உள்ளுக்குக் குடுக்குற மருந்து இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கம் நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன். வாடைக் காத்து ஆரம்பிச்சாலே கடையில தைலம் கேட்டு வர்றவங்க ஜாஸ்தி ஆயிருவாங்க, கடல்பாசி எடுத்துட்டு ஈரத்தலையோட வர்ற பொம்பளைங்க, ராத்திரி முழுக்க கடல்ல கெடந்துட்டு வர்ற ஆம்பளைங்க எல்லாருக்கும் தலைபாரம்னா மொதல்ல கை போறது நீலகிரித் தைலத்துக்குத்தான். பெரியவங்க நெத்தியில தேய்ச்சுக்கட்டும், நானும் அதுக்குத்தான் விக்கிறேன். ஆனா சின்னப் புள்ளைங்களுக்கு உள்ளுக்குக் குடுக்கக் கேக்குறாங்க பாருங்க, அதான் எனக்குப் பதறுது.

போன வாரம் ஒரு ஆத்தா வந்து "தம்பி, பேரனுக்கு நெஞ்சு சளி, வெந்நில ரெண்டு சொட்டு விட்டுக் குடுக்கட்டுமா"ன்னாங்க. "வேணாம் ஆத்தா, இது உள்ளுக்குக் குடுக்குறது இல்ல"ன்னேன். "ஓமவல்லிச் சாறு குடுக்குறமே, இதுவும் அது மாதிரிதானப்பா"ன்னு கேட்டாங்க.

அது மாதிரி இல்லைங்க. ஓமவல்லி இலைய தோசைக்கல்லுல போட்டு வாட்டுனா ஓரம் சுருண்டு மேல வேர்த்துக்கிட்டு வரும், கசக்கிப் புழிஞ்சா ரெண்டு மூணு இலைக்கு ஒரு ஸ்பூன் சாறு தேறுறதே பெருசு. அந்த வாசனைக்குக் காரணம் கார்வக்ரால், தைமால்னு ரெண்டு சரக்கு, ஆனா சாறுல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், எண்ணெய் ரொம்பக் கொஞ்சம். தைலம் அப்படியில்ல, மூட்டை மூட்டையா இலைய ஆவியில வேக வச்சு அந்த ஆவியக் குளிர வச்சு மேல மெதக்குற எண்ணெய மட்டும் பிரிச்சு எடுக்குறது. தரமான நீலகிரித் தைலத்துல 100க்கு 70 பங்குக்குக் குறையாம அதோட முக்கியச் சரக்கான சினியோல் இருக்கும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போனாலே கைப்புள்ளைக்கு மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் வரைக்கும் போகலாம். சூடமும் அப்படித்தான், ஒரு சின்னத் துண்ட வாயில போட்டாலே ஆபத்து. நீலகிரித் தைலம், சூடம் கலந்த பாம் தேய்ச்சு அதனால வலிப்பு வந்த பேஷண்டுகளப் பத்தி பெங்களூரு நரம்பு டாக்டர்களே எழுதியிருக்காங்க. ரெண்டு வயசுக்குள்ள இருக்குற புள்ளைக்கு மூக்குக்கிட்ட பாம் தடவுறதும் வேணாம், பாம்ல இருக்குற மென்தால் நெடிக்கு சில புள்ளைங்களுக்கு மூச்சே ஒரு நிமிஷம் நின்னுரும்.

மூலிகை எண்ணெய்க்கு மருந்துக் குணம் இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன், அதுலதான் என் பொழப்பே ஓடுது. கிராம்புத் தைலத்துல இருக்குற யூஜினால்ங்கிற சரக்கப் பல் டாக்டர்ங்க துத்தநாக ஆக்ஸைடோட கலந்து இன்னைக்கும் பல் குழிய அடைக்குறாங்க. ஓமத்துல இருந்து வர்ற தைமால் வாய் கொப்புளிக்குற மருந்துல இருக்கு. புதினா எண்ணெய் கேப்ஸ்யூல் வயித்துப் பிடிப்புக்கு டாக்டரே எழுதிக் குடுப்பாங்க. எல்லாத்துக்கும் அளவு உண்டு, அந்த அளவ நம்ம பாட்டில் மூடியில ஊத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்னு, யாத்திரைக்கு வர்றவங்க நடமாடுற தெருவுல லேபிளே இல்லாத பாட்டில்ல தைலம்னு விக்கிறத வாங்காதீங்க. வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுக் காய வைங்க, நல்ல நீலகிரித் தைலம்னா கறை இல்லாம பறந்துரும், எண்ணெய்ப் பிசுக்கு நின்னுச்சுன்னா வேற எண்ணெய் கலந்திருக்குன்னு அர்த்தம். பெயிண்டுக்குக் கலக்குற டர்பன்டைன் கலந்திருந்தா அதுவும் பறந்துரும், இந்த டெஸ்ட்ல தெரியாது, அதனால லேபிள் முக்கியம். லேபிள் இருக்குற பாட்டில்லயும் எச்சரிக்கை பொடி எழுத்துல இங்கிலீஷ்லதான் இருக்கு. குழந்தைக்கு உள்ளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தமிழ்ல பெருசாப் போடணும்னு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க உத்தரவு போடணும், திறக்குறதுக்குக் கஷ்டமான மூடியும் வேணும்.

தப்பித் தவறி புள்ள குடிச்சிருச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிரும். ஒடனே 108க்குப் போன் பண்ணுங்க, குடிச்ச பாட்டில கையோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மத்த இடத்துல வெட்டுனாலும் இந்தக் கடைசி மூணு வரிய மட்டும் முழுசாப் போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்