டீச்சரம்மா அனுப்பிய கணக்கு நோட்டு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கும், "அடுத்த யூடி (அப்டேட்) எப்போ?" என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் பொறுத்திருந்த எல்லாருக்கும்,

27ஆம் எபி (எபிசோட்) வருகிற வியாழக்கிழமை ராத்திரி 7 மணிக்கு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் தொடர்கதையின் ஃபைல் அழிந்துபோனது உங்களுக்கே தெரியும், அந்தச் சோகத்தை மறுபடி எழுதக் கை வரவில்லை. கதை பிழைத்துக்கொண்டது. பிழைக்க வைத்தது ஒரு கணக்கு நோட்டு.

தென்காசிப் பக்கத்திலிருந்து கூரியரில் வந்தது. மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுவார்களே, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு, அது. உள்ளே 26 எபிக்கும், சீனுக்கு ஒரு வரி. வரிக்கு ஐந்து கட்டம்: எபி எண், நிலம், பொழுது, யாருக்கு யார் என்ன முறை, உரி (சங்கப் பாட்டில் அந்த நிலத்துக்கு உரிய உணர்வு). அனுப்பியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா! நீல மையில் இருந்தால் கதையில் வந்தது. சிவப்பில் இருந்தால் இடிக்கிறது. பென்சிலில் இருந்தால் சந்தேகம். "பொழுது" கட்டத்தில் தினசரி காலண்டரில் கிழித்த தாளை நாலாக மடித்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் பால் கணக்கு.

தொடர்கதை எழுதுகிறவர்கள் இப்படி ஒரு ஏடு போட வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் சொல்வோம், யாரும் போட மாட்டோம். எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. ஃபைல் போனால்தான் தெரிகிறது: வசனம் எப்படியாவது திரும்ப வந்துவிடும், தேதி வராது.

டீச்சரம்மா, கதையில் நான் எங்கேயும் வருஷம் போடவில்லை. 5ஆம் எபியில் பாட்டி "இந்த ஆடியில ரெண்டு அமாவாசை" என்று முணுமுணுத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு 2023 என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஜூலை 17 ஒரு அமாவாசை, ஆகஸ்ட் 16 இன்னொன்று. ஹீரோ டீக்கடையில் ஜிபே பண்ணுகிறான், ஆகவே பழைய ரெட்டை அமாவாசை ஆடி எதுவும் இல்லை என்று பென்சிலில் ஒரு துணைக்குறிப்பு வேறு.

அந்த வருஷம் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் நகர்ந்தது. வைகாசியில் கல்யாணம், ஆடி பிறந்ததும் பெண்ணை சென்னைக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். பழைய எழுத்தில் அந்த ஒரு மாதத்தை இரண்டு பத்தியில் தாண்டியிருந்தேன். நீங்கள் "உரி" கட்டத்தில் "பாலை" என்று மட்டும் எழுதி, கீழே பொடி எழுத்தில்: "பாலைக்குப் பெரும்பொழுது வேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார். காரும் மாலையும் முல்லைக்கு." பாலை பிரிவுக்கு, முல்லை காத்திருப்புக்கு. காதல் கதை எழுதுகிறவளுக்கு ஊர் வழக்கமே பிரித்து வைத்துத் தருகிறது, நான் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன்! இப்போது அந்த ஆடி மூன்று எபி. பிரிவு பகல் வெயிலில், சேருவது ஆவணி மாலையில்.

அந்த மாலையில்தான் பெரிய இடி. அவர்கள் மறுபடி பார்த்துக்கொள்ளும் சீனை ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, நள்ளிரவு மொட்டை மாடி, தலைக்கு மேலே மூன்றாம் பிறை என்று வைத்திருந்தேன். காலண்டர் தாளில் திருதியை. பக்கத்தில் சிவப்பில்: "மூன்றாம் பிறையை நள்ளிரவில் யார் பிடித்து வைத்தார்கள்?" மேற்கே தெரியும், எட்டரை ஒன்பதுக்குள் மறைந்துவிடும். நிலா ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிஷம் பிந்தும். நள்ளிரவில் வளர்பிறை வேண்டுமென்றால் அஷ்டமி தாண்ட வேண்டும், அஷ்டமி நிலாவே அந்த நேரத்துக்குத்தான் மறைகிறது. தேய்பிறை என்றால் அஷ்டமிக்குள் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு நள்ளிரவுக்கு மேல்தான் எழும். ராத்திரி முழுக்க கூட இருப்பது பௌர்ணமி நிலா ஒன்று. இதைத் தெரியாமல் எழுதிய மொட்டை மாடி சீன்கள் என் பழைய நாவல்களில் எத்தனையோ. எண்ணப் போவதில்லை.

சீனை ஆகஸ்ட் 30க்கு நகர்த்தினேன். பௌர்ணமி ராத்திரி. தென்காசியில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும், எதிரே கிழக்கில் நிலா எழும். நள்ளிரவு மாலையாயிற்று, உங்கள் முல்லைக்கும் சரியாயிற்று. "சாரல் காலமாச்சே, நிலா தெரியுமா?" என்று பென்சிலில் கேட்டிருந்தீர்கள். 1901க்குப் பிறகு இந்தியாவில் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் அந்த 2023 ஆகஸ்ட்தான். அந்தத் தைரியத்தில் மேகத்தை ஒதுக்கிவிட்டேன்.

ஒரு சீனைப் பதினோரு நாள் தள்ளினால் அது மட்டும் தள்ளாது. ஆடி முடிந்தும் பெண் ஏன் வரவில்லை என்று மாமியார் கேட்பார், அதற்கு ஒரு காரணம் வேண்டும் (அவளுடைய அப்பாவுக்குக் காய்ச்சல், 20ஆம் எபியில் இருந்ததை முன்னால் இழுத்தேன்). பிறகு குழந்தை. டாக்டர்கள் சொல்லும் 280 நாள் கடைசி மாதவிலக்கிலிருந்து. கதையில் நமக்குத் தெரிவது அந்த ராத்திரி மட்டும், அதிலிருந்து 266 நாள். ஆகஸ்ட் 30இலிருந்து எண்ணினால் 2024 மே 22. வைகாசி. ஆடியில் சேர்ந்திருந்தால் ஏப்ரல் 8க்கும் மே 9க்கும் நடுவில், கிட்டத்தட்ட முழுச் சித்திரை. பாட்டிமார் சொல்கிற கணக்கு நாள் பிசகாமல் நிற்கிறது. என்ன, கத்தரி வெயிலுக்கு மட்டும் தப்ப முடியவில்லை.

டிசம்பர் பக்கம் முழுக்கச் சிவப்பு. வருஷத்தைக் குறித்துவிட்டால் அந்த வருஷத்து மழையும் கூடவே வந்துவிடும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஹீரோ 17ஆம் தேதி ராத்திரி திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிறான், அன்றைக்கும் மறுநாளும் அங்கே என்ன வெள்ளம் என்று தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். சரி, முதல் வாரத்துக்குத் தள்ளலாம் என்றால் சென்னையில் மிக்ஜாம் புயல். பெண்ணின் அம்மா அப்பா அங்கே. கடைசியில் நவம்பர் 26, கார்த்திகை தீபம். அதிலும் ஒரு சிக்கல்: பத்து முழம் மல்லி வாங்கி வருகிறான். பனி தொடங்கிவிட்டால் மல்லி வரத்து குறையும், விலை எகிறும். அவன் சம்பளம் 4ஆம் எபியிலேயே சொல்லியாயிற்று. பத்து முழத்தை ஒரு முழமாக்கினேன். சீன் முன்னைவிட நன்றாக இருக்கிறது. டிசம்பர் பூவாக மாற்றலாமா என்றும் பார்த்தேன், ஆனால் அதற்கு வாசம் கிடையாது, "வாசம் வந்து எழுப்பியது" என்ற வரி போய்விடும். அந்த வரியை விட மனசில்லை.

முறைக் கட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஹீரோவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண் 3ஆம் எபியில் அத்தை மகள். 11இல் என் கை தவறி சித்தி மகள். உங்கள் சிவப்பு மை: "தங்கச்சி!!" இரண்டு ஆச்சரியக்குறி. பொதிகை எக்ஸ்பிரஸை சென்ட்ரலில் ஏற வைத்ததையும் எழும்பூருக்குத் திருத்திவிட்டேன்.

மற்ற எல்லாருக்கும்: ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியவர்கள், ராத்திரி இரண்டு மணி வரை போனில் கூடவே இருந்து ஹார்ட் டிஸ்க்கோடு மல்லுக்கட்டிய தம்பி, பழைய பாமினி எழுத்துருவில் இருந்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றி, கொம்பு இடம் மாறியதையெல்லாம் கையால் சரி செய்து கொடுத்த அக்கா, ஒரு கமென்ட்டும் போடாமல் 26 எபியையும் படித்து இப்போது முதல் தடவையாக வாய் திறந்த சைலண்ட் ரீடர்ஸ், மெய்ப்புப் பார்த்தவர், சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போன என் நாத்தனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

எழுதுகிற தோழிகளுக்கு: போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே ஃபைல் தெரிகிறது என்பதால் இரண்டு காப்பி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அழியும், அது வெறும் சிங்க். எபி முடிந்ததும் தேதி போட்டுப் புதுப் பெயரில் சேமியுங்கள், ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கழற்றி எடுத்து வையுங்கள், ஒன்றை உங்களுக்கே மெயில் பண்ணுங்கள். நான் இனி இதைச் செய்யாமல் யூடி கொடுப்பதில்லை. எபிக்கு ஒரு பக்கம் நோட்டும் கையால் போடுவேன், ஐந்து கட்டத்தோடு.

டீச்சரம்மா, நோட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள், பால்காரருக்கு இன்னும் கணக்கு முடிக்கவில்லை என்று. ஒட்டிய தாள்களைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. நாளைக்குக் கூரியர்.

கடைசிப் பக்கத்துப் பென்சில் கேள்விக்குப் பதில் பாக்கி. "2இல் அவனுக்குக் காபி ஆகாது. 19இல் இரண்டு டம்ளர் குடிக்கிறான். மாமியார் கையால் கொடுத்ததாலா?" இல்லை டீச்சரம்மா, சுத்த மறதி. ஆனால் 27ஆம் எபி இப்போது அந்த இரண்டாவது டம்ளரில்தான் ஆரம்பிக்கிறது.