முயலைக் காட்டில் விடாதீர்கள், சோபாவைச் சரிசெய்துகொள்ளலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் 26 வருடமாக சோபா, குஷன் வேலை செய்து வருகிறேன். முன்பெல்லாம் எலி கடித்த சோபாதான் வரும். இந்த மூன்று நான்கு வருடமாக முயல் கடித்ததும் வருகிறது. பார்த்ததுமே தெரிந்துவிடும். எலி என்றால் பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டு உள்ளே போயிருக்கும். முயல் என்றால் அடியில் அடிக்கிற கறுப்புத் துணி கிழிந்து தொங்கும், மரக்கால்களின் முனை சுற்றிலும் கொறித்திருக்கும், கீழ் ஓரத்தில் பைப்பிங் என்று கயிறு வைத்துத் தைக்கிற விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருக்கும்.

போன மாதம் காட்பாடியில் இருந்து ஒரு அம்மா, வீட்டு முயல் கடித்த மூன்று பேர் உட்காரும் சோபாவை அனுப்பினார். துணி பார்க்கக் கடைக்கு வந்தவர், "இன்னாண்ணா பண்றது, இந்த ஞாயித்துக்கிழமை முயலை அமிர்தி காட்டுல விட்டுடப் போறோம். காட்டு ஜீவன்தானே, பொழைச்சுக்கும்" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

அது பிழைக்காது. ஜவ்வாது மலைப் பக்கம் புதரில் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம். அது பழுப்பு நிறம், வளை தோண்டாது, புல்லுக்குள் பதுங்கும். நாம் வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வம்சம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தது. வெள்ளை வெளேர் என்று புதரில் உட்கார்ந்திருந்தால் நாய்க்கும் நரிக்கும் தூரத்திலேயே தெரியும். இரை தேடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது.

எங்கள் வீட்டிலும் ஒரு பெண் முயல் இருக்கிறது. பஞ்சு என்று என் மகள் பேர் வைத்தாள். குட்டியாக வந்தபோது சாதுவாக இருந்தது. ஐந்து மாதம் தாண்டியதும் ஆரம்பித்தது. நான் தைத்த ரெக்சின் சோபாவின் மூலையை முன்னங்கால் இரண்டாலும் பறித்துப் பறித்து ஃபோமை வெளியே இழுத்துவிட்டது. ஆத்திரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டேன். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் இருந்து வரவே இல்லை, சாப்பாடும் சரியாகத் தொடவில்லை. "நைனா, அதுக்கு நீ எதுக்கு அடிச்சேன்னே தெரியாது" என்று மகள் அழுதாள். அவள் சொன்னதுதான் சரி. முயல் அடிக்குப் பயப்படும், அடியால் எதையும் கற்றுக்கொள்ளாது. அதன் எலும்பும் ரொம்ப மெல்லியது, முதுகெலும்பு உடைந்தால் அதோடு போயிற்று.

அப்புறம் அது தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி சோபா மூலையில் சேர்க்க ஆரம்பித்தது. சொறி என்று நினைத்து கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர்தான் விளக்கினார். சினை இல்லாமலே சினைபோல உடம்பு மாறும்போது பெண் முயல் குட்டிக்குப் படுக்கை போடும், மண்ணைத் தோண்டும், கிட்டத்தட்ட இரண்டரை வாரத்தில் அடங்கும் என்றார். சினைப்பையையும் கருப்பையையும் எடுக்கும் அறுவை சிகிச்சை செய்தால் இந்த வேகம் பெரும்பாலும் குறையும், ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவராகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பல்லைப் பற்றியும் சொன்னார். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். மெல்ல நார் கிடைக்காவிட்டால் பல் தேயாது, கோணலாக வளர்ந்து வாயைத் திறக்க முடியாமல் போகும். எங்களுக்கு விற்றவர் தீவன உருண்டை மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார். அது நொடியில் தீர்ந்துவிடும். மீதி நேரம் அந்த வாய் என்ன செய்யும்? என் சோபா கால்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து புல்தான் முக்கிய ஆகாரம். செண்பாக்கம் விநாயகர் கோவிலுக்குப் போகிறபோது அருகம்புல் கட்டு கட்டாக வாங்கி, கழுவி, நிழலில் உலர்த்தி வைக்கிறேன். எப்போதும் அதன் எதிரில் புல் இருக்கும். கூடவே மருந்து அடிக்காத கொய்யாக் குச்சி. பட்டையை உரித்து உரித்துத் தின்னும். அரளியைக் கிட்டேயே விடக்கூடாது, அது விஷம்.

தோண்டுவதற்கு ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் பாதிவரை மண் போட்டு வைத்தேன். முதலில் சீந்தவில்லை. மண்ணுக்குள் கொத்தமல்லித் தழையைப் புதைத்து வைத்ததும் பிடித்துக்கொண்டது. மண் வீடெல்லாம் பறக்கிறது என்பவர்கள் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம், சாயம் போடாத கோரைப்பாய்த் துண்டும் போடலாம். சோபாவுக்கு அடியில் அது போவதே இருட்டும் தாழ்வுமாக வளைபோல இருப்பதால்தான். ஒரு அட்டைப்பெட்டியில் ஸ்டேப்ளர் பின்னையும் டேப்பையும் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கம் வழி வெட்டிக் கொடுங்கள். ஒரு வழி மட்டும் வைத்தால் உள்ளே போகப் பயப்படும்.

சோபாவுக்கு நான் செய்வது இது. அடியில் கறுப்புத் துணிக்குப் பதில் மெல்லிய பிளைவுட் அடித்துவிடுகிறேன். கால்களுக்கு ஒரு சாண் உயரம் அலுமினியப் பட்டை. ஃபோமோ துணி நூலோ வயிற்றுக்குள் போனால் குடல் அடைத்துக்கொள்ளும், முயலால் வாந்தி எடுக்க முடியாது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். செல்போன் சார்ஜர் வயரையும் பிரிட்ஜ் வயரையும் பைப்புக்குள் விடுங்கள். வயர் அதற்கு வேர் மாதிரி, நறுக் என்று ஒரே கடி. மிளகாய்த்தூள், பினாயில் தெளிப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், அதன் மூக்கும் கண்ணும் தாங்காது.

இன்னொன்று. சோபாவைக் கடிக்கிறது என்று கூண்டை மாடியில் ஷீட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள். நம் ஊர் கத்திரி வெயில் மனிதனுக்கே ஆகாது, முயலுக்கு வியர்க்காது. காதால்தான் சூட்டை வெளியேற்றும். வீட்டுக்குள்ளேயே, காலையும் மாலையும் அது துள்ளுகிற நேரத்தில் நாலு மணி நேரமாவது வெளியே விட்டால், கொறிப்பது பாதி தானாகக் குறைகிறது.

காட்பாடி அம்மாவிடம் பத்து நாள் தவணை கேட்டேன், இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். சோபாவைக் கொண்டுபோய் இறக்கிய அன்று அந்த முயல் பால்கனியில் மண் தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கியிருந்தது. திரைச்சீலையின் ஒரு ஓரம் போயிருந்தது. அதை ஒரு முழம் மேலே ஏற்றி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அமிர்திக்குப் போகவில்லை.

கோடை விடுமுறை வரப்போகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று நிறையப் பேர் முயல் குட்டி வாங்குவார்கள். அது எட்டு, பத்து வருடம் உயிரோடு இருக்கும், கடிக்கும், தோண்டும் என்பதை வாங்கும் முன்பே அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி, விடுமுறை விடுவதற்குள் இதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சோபா வேலை செய்யும் ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.